மிங்லோ பானையின் பொனரோகோ உரிமையாளர்

நாற்பத்தாறு வயது வரை சுபர்லானுக்குச் சொந்தமாக இருந்தது ஒரே ஒரு பெயர்தான். அது அவருடைய அப்பா வைத்தது. இரண்டாவதாக ஒரு பெயரை அவர் அரசாங்கத்திடம் முறைப்படி எழுதி வாங்கிக்கொண்டார். அதற்குப் பிறகு அவருக்கு நிம்மதியாகச் சோறு இறங்கவில்லை.

இந்தோனேசியாவில், பொனரோகோவின் தெற்கே, பாலோங் வட்ட அலுவலகத்துக்கு நேர் எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை. பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, தைவானுக்கும் ஹாங்காங்குக்கும் வீட்டு வேலைக்குப் போகிற பெண்களின் விண்ணப்பம் என்று எல்லாவற்றையும் அவரே நிரப்பித் தருவார். அவர் நிரப்பிய படிவம் ஒன்றுகூடத் தப்பு என்று திரும்பி வந்ததில்லை. இதை அவர் வாரத்துக்கு மூன்று முறையாவது யாரிடமாவது சொல்லிவிடுவார்.

ஒரு நாள் மதியுனிலிருந்து ஒரு துணி வியாபாரி லேமினேஷன் போட வந்தார். காத்திருந்த நேரத்தில் ஒரு கதை சொன்னார். சுரபாயாவில் ஒருவன் ஏதோ வெளிநாட்டுச் செருப்பின் பெயரைத் தன் பெயரில் பதிவு செய்து வைத்துக்கொண்டானாம். நாலு வருஷம் கழித்து அந்தக் கம்பெனி இங்கே கடை போட வந்தபோது பெயர் இவனிடம் இருந்ததாம். கெஞ்சிக் கூத்தாடி, கேட்ட தொகையைக் கொடுத்து வாங்கிப் போனார்களாம்.

"செருப்பு அவன் தெச்சானா?" என்று கேட்டார் சுபர்லான்.

"செருப்பு எதுக்கு பாக்? ஒரு படிவம். அவ்ளோதான்" என்றார் வியாபாரி, ஐயா என்பதற்கு ஊர் வழக்கில் 'பாக்' போட்டு.

படிவம் என்ற சொல் சுபர்லானின் காதில் தேனாகப் பாய்ந்தது.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போனதும் சமையலறையில் கண்ணை ஓட்டினார். அவருடைய மனைவி வினார்த்தி தைச்சுங் நகரத்தில் ஒரு வயதான அம்மாவை ஆறு வருஷம் பார்த்துக்கொண்டவள். திரும்பி வரும்போது கொண்டுவந்த மின்சாரப் பானை மேடைமேல் உட்கார்ந்திருந்தது. பச்சை நிறம், வெள்ளி மூடி, நெற்றியில் 'மிங்லோ'. சோறு, கிழங்கு, கோழி எதுவானாலும் அதற்குள் வைத்துத் தண்ணீர் ஊற்றிப் பொத்தானை அழுத்தினால் தானே வெந்து தானே நிற்கும். தைவான் போய் வந்த பெண்கள் வீட்டுக்கு வீடு இதைத்தான் தூக்கி வந்திருந்தார்கள். அந்தக் கம்பெனிக்கோ இந்தோனேசியாவில் ஒரு கடைகூடக் கிடையாது.

"மாஸ், பானையை ஏன் இப்படி வெறிச்சுப் பாக்கறீங்க? பசியா?" என்றாள் வினார்த்தி. புருஷனை அவள் 'மாஸ்' என்றுதான் கூப்பிடுவாள்.

அவர் விஷயத்தைச் சொன்னார். அவள் கையில் இருந்த தெம்பே என்ற சோயாக் கட்டியைக் கீழே வைத்தாள்.

"அந்தப் பேரை நீங்களா வெச்சீங்க?"

"யாரு முதல்ல எழுதிக் குடுக்கறாங்களோ அவங்களுக்குத்தான். சட்டமே அப்படி."

"ஓஹோ. எதுத்த வீட்டுப் பொண்ணுக்குப் போன வாரம் குழந்தை பொறந்திருக்கு. இன்னும் சர்டிபிகேட் வாங்கல. போங்க, உங்க பேருல எழுதிட்டு வாங்க. நீங்கதான் முதல்ல."

"குழந்தை வேற, பானை வேற."

"ஆமா. குழந்தைன்னா அவங்க வந்து உதைப்பாங்க. பானைக்காரங்க தூரத்துல இருக்காங்க. வித்தியாசம் அவ்ளோதானே?"

சுபர்லான் ஒரு தாளை எடுத்துப் படிவத்துக்கு வேண்டியதைக் குறிக்க ஆரம்பித்தார். ஆனாலும் மனசில் ஒரு முள் இருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசலில் மார்க்கம் சொல்லித்தரும் பெரியவரான கியாயியை ஓரமாக அழைத்து, எந்த ஊர் எந்தப் பானை என்று சொல்லாமல் சுற்றி வளைத்துக் கேட்டார்.

"ஒரு பொருள் ரோட்டுல கிடக்குது கியாயி. சொந்தக்காரர் பக்கத்துல இல்ல. எடுத்து வெச்சுக்கலாமா?"

"சொந்தக்காரர் யாருன்னு தெரியுமா?"

"தெரியும்."

"விலாசம்?"

"அதுவும் தெரியும். பொருள் மேலயே அச்சடிச்சிருக்கு."

"அப்புறம் என்னை எதுக்குக் கேக்கற? தபாலாபீஸ்ல போய்க் கேளு" என்று சொல்லிவிட்டு கியாயி செருப்பை மாட்டிக்கொண்டு போனார்.

கூடாது என்று அவர் சொல்லவில்லையே என்று சுபர்லான் எடுத்துக்கொண்டார். திங்கட்கிழமை விண்ணப்பம் போய்விட்டது. அதை நிரப்ப அவருக்கு இருபது நிமிஷம்கூட ஆகவில்லை.

ஒன்றரை வருஷம் கழித்துச் சான்றிதழ் வந்தது. மின்சாரச் சமையல் சாதன வகையில் 'மிங்லோ' என்ற வணிகப் பெயருக்கு உரிமையாளர் சுபர்லான், பாலோங், பொனரோகோ. முத்திரை, கையொப்பம், எல்லாம் கனகச்சிதம். பேசாமல் பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கலாம். அவரோ கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடைச் சுவரில் மாட்டினார். படிவங்களோடு வாழ்ந்த மனிதர். இவ்வளவு அழகான காகிதத்தில் தன் பெயரைப் பார்த்ததே இல்லை.

அதை முதலில் படித்தவள், ஊரே மரியாதையாக 'இபு', அதாவது அம்மா, என்று கூப்பிடும் துமிரா. குடும்ப அட்டையில் மருமகள் பெயரைச் சேர்க்க வந்திருந்தாள். சந்தையில் கடலைச் சட்னி ஊற்றிய கீரைப் பெச்செல் விற்கிறவள். அவள் குரல் வட்ட அலுவலகத்தின் மாடிவரை கேட்கும். சட்டத்துக்குள் இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு இடுப்பில் கை வைத்தாள்.

"பாக் பர்லான்! மிங்லோ கம்பெனி உங்களோடதா?"

சுபர்லான் கொஞ்சம் நெளிந்தார். கொஞ்சம் நிமிர்ந்தார். "சட்டப்படி... ஆமா."

"அடப்பாவி மனுஷா! என் மக தைவான்லேருந்து தூக்கிட்டு வந்த பானை, பிளக்கைச் சொருகுன உடனே டப்புனு வெடிச்சு கருகிப் போச்சு. ரெண்டு வருஷமா யாரைக் கேக்கறதுன்னு தெரியாம உக்காந்திருக்கேன். நீங்க இங்க ஃபேனுக்கு அடியில உக்காந்திருக்கீங்க!"

மறுநாள் காலையில் கருகிய பானை கவுண்டர்மேல் இருந்தது. அதற்கடுத்த நாள் மூன்று பானைகள். வாரக் கடைசியில் ஜெராக்ஸ் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒன்பது.

"நான் அந்தக் கம்பெனி இல்லை" என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்திருக்கும். அதைத்தான் அவரால் சொல்ல முடியவில்லை. பெயரை மூன்று வருஷம் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் ரத்து செய்துவிடலாம் என்று விதி இருந்தது. அவருக்கோ பயன்படுத்த ஒன்றுமில்லை. பானை செய்யவா முடியும்? ரிப்பேர் செய்து 'மிங்லோ சர்வீஸ், பொனரோகோ' என்று ஒரு ஸ்டிக்கர் ஒட்டினால் பயன்படுத்தியதாக ஆகும் என்று கணக்குப் போட்டார். ஆக, பெயரைக் காப்பாற்ற வேண்டுமானால் பானையைக் காப்பாற்ற வேண்டும்.

பானையின் அடியைப் புரட்டிப் பார்த்ததும் நோய் தெரிந்துவிட்டது. தைவானில் மின்சாரம் நூற்றுப் பத்து வோல்ட். இங்கே இருநூற்று இருபது. வினார்த்தி விவரமானவள், இடையில் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்திருந்தாள். மற்றவர்கள் அப்படியே சொருகினார்கள்.

முதலில் அவருக்கு ஒரு மகத்தான யோசனை தோன்றியது. இரண்டு பானைகளை வரிசையாக ஒரே கம்பியில் கோத்துவிட்டால் ஆளுக்குப் பாதி மின்சாரம் போய்விடும் அல்லவா? இபு துமிரா பத்திரமாக வைத்திருந்த இன்னொரு பானையையும், பக்கத்து வீட்டில் இருந்த அவளுடைய நாத்தனார் சுனார்சியின் பானையையும் மதில் சுவருக்கு மேலாகக் கம்பி இழுத்து இணைத்தார். இரண்டும் வேலை செய்தன. ஆனால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் சமைத்தாக வேண்டும். ஒரு பானை வெந்து நின்றால் மற்றதும் நின்றுவிடும். அந்த நாத்தனாருக்கும் துமிராவுக்கும் நாலு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

"ஏய், உன் சோறு வெந்துச்சுன்னா என் கோழி என்னடி ஆகறது? இன்னும் ரெண்டு டம்ளர் தண்ணி ஊத்துடி!" என்று மதிலுக்கு இந்தப் பக்கம் துமிரா கத்துவாள்.

"என் சோறு கஞ்சியாகட்டுமா? நீ முட்டை வேகவை. கோழி சாப்பிடற மூஞ்சியைப் பாரு!" என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும்.

நாலே நாளில் இரண்டு பேரும் ஒன்றாகக் கடைக்கு வந்தார்கள். நாலு வருஷத்தில் அவர்கள் சேர்ந்து செய்த முதல் காரியம் சுபர்லானைத் திட்டியது.

அதன் பிறகுதான் அவர் ஒழுங்காக வேலை கற்றுக்கொண்டார். உள்ளூர் சோற்றுப் பானைகளிலிருந்து சூடேற்றும் தட்டைக் கழற்றி, அறுத்து, மிங்லோவின் வயிற்றில் பொருத்தினார். நூற்று நாற்பது பானைகள் அவர் கையால் உயிர்பெற்றுப் போயின. ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர். பெண்கள் கம்பெனியைத் திட்டும்போது மட்டும் அவருக்கு வித்தியாசமாக ஒரு கோபம் வந்தது.

"தைவான்காரன் சாமானே இப்படித்தான்" என்று யாராவது சொன்னால் பானையைப் புரட்டிக் காட்டுவார். "பாருங்க, நூத்திப் பத்துன்னு எழுதியிருக்கா இல்லியா? படிக்காம சொருகிட்டுக் கம்பெனியைக் குறை சொல்றீங்க! எப்பேர்ப்பட்ட பானை தெரியுமா இது?"

"எந்தக் கம்பெனிக்காக இப்படி வரிஞ்சு கட்டறீங்க மாஸ்?" என்று வினார்த்தி கேட்பாள். "உங்களோடதுக்கா, அவங்களோடதுக்கா?"

மூன்றாம் வருஷம் ஆகஸ்டில் சுரபாயாவிலிருந்து வக்கீல் கடிதம் வந்தது. மிங்லோ கம்பெனி இந்தோனேசியாவில் விற்பனை தொடங்க விண்ணப்பித்ததாம். அதே பெயர் ஏற்கெனவே பதிவாகி இருப்பதாகத் திருப்பிவிட்டார்களாம். திருவாளர் சுபர்லான் தீய நோக்கத்தோடு இந்தப் பெயரைப் பதிவு செய்திருப்பதால் வழக்குத் தொடர உத்தேசம். அதற்கு முன் நேரில் பேச வருகிறோம்.

சுபர்லான் கடிதத்தை இரண்டு முறை படித்தார். 'தீய நோக்கம்' என்ற இடத்தில் முகம் சற்றுச் சுண்டியது. "ஆனா ஓரம் எவ்வளவு நேரா விட்டிருக்காங்க பாரு" என்று மனைவியிடம் காட்டினார். பிறகு, "பதினஞ்சு கோடி ரூபியா கேக்கலாம்னு இருக்கேன். ஒரு புது பிக்கப் வண்டி" என்றார்.

"கேளுங்க. ஆனா என் பானைமேல ஆணையா சொல்றேன், அந்த வண்டியில நான் ஏற மாட்டேன்."

"ஏன்?"

"தைச்சுங்ல நான் பாத்துக்கிட்ட அம்மா, சாகற அன்னிக்குக் காலைல அந்தப் பானையில வெந்த கஞ்சியைத்தான் ரெண்டு வாய் குடிச்சாங்க. ஊருக்குக் கிளம்பறப்போ அவங்க மகன் அதே பானையைக் கழுவித் துடைச்சு என் கையில குடுத்தாரு. அதுலேருந்து பேரைத் திருடினா எனக்கு எப்படி இருக்கும்?"

அவள் அதுவரை இதைச் சொன்னதே இல்லை. சுபர்லான் அன்று இரண்டாவது முறை சோறு கேட்கவில்லை.

குறித்த நாளில் சுபர்லான் வீட்டு வாசலில் வாடகைக் காரில் இரண்டு பேர் வந்து இறங்கினார்கள். ஒருவர் வக்கீல் ஃபெலிசியா, சுரபாயாச் சீனக் குடும்பத்துப் பெண், கறாரான கண்ணாடி. இன்னொருவர் திரு. லியாவ், கம்பெனியின் பழைய பொறியாளர். எழுபதை நெருங்கியவர். அவருக்கு மாண்டரின் சீனம் தவிர வேறு பாஷை தெரியாது. ஃபெலிசியாவுக்கோ மாண்டரின் சுத்தமாக வராது. சுரபாயாவிலிருந்து அழைத்து வந்த மொழிபெயர்ப்பாளருக்கு வழியில் வயிறு கலக்கி மதியுன் ஆஸ்பத்திரியில் இறக்கிவிட்டு வந்திருந்தார்கள்.

"நான் பேசறேன்" என்றாள் வினார்த்தி, தவெத் என்ற தேங்காய்ப்பால் சர்பத் கிண்ணங்களை நீட்டியபடியே. அவள் வாயிலிருந்து தைச்சுங் வாடையோடு மாண்டரின் வந்ததும் திரு. லியாவ் எழுந்து நின்று கும்பிடாத குறையாகச் சிரித்தார்.

பாத்திக் சட்டை போட்டு, தொண்டையைக் கனைத்து, பதினைந்து கோடியை வாய்வரை கொண்டுவந்திருந்தார் சுபர்லான். அந்த நேரம் பார்த்து வாசலில் ஆரவாரம். கம்பெனிக்காரர்கள் வந்திருக்கிறார்கள் என்று சேதி பரவி, பதினொரு பெண்கள் பானைகளோடு வந்துவிட்டார்கள். முன்னால் இபு துமிரா.

"நீங்கதான் ஒரிஜினலா?" என்று திரு. லியாவின் மூக்குக்கு நேரே பானையை நீட்டினாள். "என்னய்யா சாமான் செய்யறீங்க? மானங்கெட்ட கம்பெனி! சொருகுன உடனே வெடிச்சுது! பாக் பர்லான் ரிப்பேர் பண்ணினதாலதான் இப்ப வேகுது!"

லியாவ் திருதிருவென்று விழித்தார். சுபர்லானுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார்.

"இபு, வாயை அடக்கிப் பேசுங்க! எத்தனை தடவை சொல்லியிருக்கேன்? அவங்க கம்பெனி மேல ஒரு தப்பும் இல்லை! அவங்க நாட்டுக் கரண்டுக்கு அவங்க செஞ்சாங்க. இங்க தூக்கிட்டு வந்து சொருகினது நாம. அவங்க பேரை ஏன் கெடுக்கறீங்க?"

ஃபெலிசியா பேனாவை மெதுவாகத் திறந்தாள்.

"பாக் சுபர்லான், 'அவங்க கம்பெனி', 'அவங்க பேரு'ன்னு சொன்னீங்க. இதை நான் எழுதிக்கலாமா?"

சுபர்லான் இருபது வருஷமாகப் படிவம் நிரப்புகிறவர். தன் வாயாலேயே எந்தக் கட்டத்தில் என்ன நிரப்பிவிட்டோம் என்பது அவருக்குப் புரிந்தது. துமிரா வேறு, "எழுதிக்கோங்கம்மா, நாங்க பதினோரு பேரும் சாட்சி" என்றாள்.

வினார்த்தி நடந்ததை மாண்டரினில் சொன்னாள். எதையும் விடவில்லை என்று தோன்றியது, ஏனென்றால் நேரம் எடுத்தது. லியாவ் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மதில்மேல் கம்பி இழுத்த கதையைக் கேட்டபோது தொடையில் தட்டினார். பிறகு ஒரு திருப்புளி கேட்டு, துமிராவின் பானையை அடிப்புறமாகத் திறந்தார். தட்டைத் தடவிப் பார்த்து, கட்டைவிரலை உயர்த்தினார். சுபர்லானுக்கு உச்சி குளிர்ந்தது.

அடுத்து லியாவ் ஒரு இடத்தில் விரலை வைத்து எதையோ கேட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"இங்க வெள்ளையா சின்னக் குழல் மாதிரி ஒண்ணு இருந்திருக்கும். அது எங்கேன்னு கேக்கறார்" என்றாள் வினார்த்தி.

"அதுவா? எல்லாத்துலயும் அது எரிஞ்சு போயிருந்துச்சு. இங்க கிடைக்காது. கம்பியை நேரா முறுக்கி விட்டுட்டேன். அது இல்லாமலே நல்லா வேலை செய்யுதே."

அவள் சொன்னாள். லியாவ் நெடுநேரம் பேசினார், தாழ்ந்த குரலில். வினார்த்தி மொழிபெயர்க்கவில்லை.

"என்ன சொல்றார்?"

"பொத்தான் மாட்டிக்கிட்டா, தண்ணி வத்திட்டா, அந்தக் குழல்தான் கரண்டை நிறுத்துமாம். அது இல்லாட்டி பானை பழுக்கக் காய்ஞ்சுக்கிட்டே போகுமாம். மரவீடா இருந்தா..." அவள் நிறுத்தினாள். "அவருக்கு வேலை கத்துக்குடுத்தவர் காலத்துல ஒரு வீடு எரிஞ்சதுக்கு அப்புறம்தான் அதைச் சேர்த்தாங்களாம். எத்தனை பானை இப்படிப் போயிருக்குன்னு கேக்கறார்."

நூற்று நாற்பது. சுபர்லான் மனசுக்குள் எண்ணிப் பார்த்தார். நூற்று நாற்பது சமையலறை. ஒவ்வொரு பானையிலும் மிங்லோ என்று அவருடைய ஸ்டிக்கர். இதுவரை பெயர் என்றால் அவருக்குச் சட்டம் போட்ட ஒரு காகிதம். இப்போது துமிராவின் மூங்கில் சுவர் வீடு, சுனார்சியின் இரண்டு பேரப்பிள்ளைகள் என்று வரிசையாகக் கண்ணில் வந்தது. தவெத் கிண்ணத்தைக் கீழே வைத்தார்.

"காகிதத்தைக் குடுங்க" என்றார் ஃபெலிசியாவிடம்.

"எது?"

"பேரை மாத்திக் குடுக்கற காகிதம். கொண்டு வந்திருப்பீங்களே."

"தொகை பத்தி இன்னும் பேசலையே? கம்பெனி ஒரு..."

"வேண்டாம்" என்றார். வினார்த்தி பக்கம் திரும்பினார். "அந்தக் குழல் நூத்தி நாப்பது அனுப்பச் சொல்லு. சீக்கிரம். இல்ல, நூத்தி அம்பது. எனக்குச் சரியா நினைவில்லை."

கையெழுத்துப் போடுவதற்கு முன் படிவத்தை ஒரு முறை படித்து, இரண்டாம் பக்கத்தில் வட்டத்தின் பெயரைத் தப்பாக அடித்திருப்பதைக் காட்டினார். ஃபெலிசியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாள். பதிவுக் கட்டணம் எவ்வளவோ அதை மட்டும் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். அந்த அளவுக்கு அவர் மகான் இல்லை.

பெண்கள் கொண்டுவந்த பதினொரு பானைகளையும் திரும்ப எடுத்துப் போக லியாவ் விடவில்லை. மற்ற வீடுகளுக்கு அன்று மாலையே சுபர்லான் மோட்டார் சைக்கிளில் கிளம்பி, குழல் வரும்வரை பிளக்கைச் சொருக வேண்டாம் என்று கெஞ்சினார். பன்னிரண்டாம் நாள் முந்நூறு குழல்கள் வந்து சேர்ந்தன. கூடவே லியாவ் கையால் வரைந்த ஒரு படம். வினார்த்தி பக்கத்தில் மொழிபெயர்த்து எழுதிக் கொடுத்தாள்.

கடையைப் பாதி நாள் மூடிவிட்டு மூன்று வாரம் வீடு வீடாகப் போனார். எந்த வீட்டிலும் சுலபமாக விடவில்லை.

"நல்லாத்தானே வேலை செய்யுது? எதுக்குத் திறக்கறீங்க?"

"இது இல்லாட்டி வீடு பத்திக்கும் இபு."

"அப்போ இத்தனை நாளா பத்திக்கிற பானையையா என் தலையில கட்டினீங்க?"

"ஆமா."

"கம்பெனி தப்பா?"

"இல்லை. என் தப்பு."

இதை அவர் நூற்று முப்பத்தெட்டு வீட்டில் சொன்னார். மூன்று வீட்டில் துடைப்பம் எடுத்தார்கள். ஒரு வீட்டில் கோழிக்கறியோடு சோறு போட்டார்கள். இரண்டு பானைகள் பாசித்தானுக்குக் கல்யாணமாகிப் போன பெண்களோடு போயிருந்தன. அங்கும் போனார். பாசித்தான் மலைப்பாதையில் வினார்த்தியும் பின்னால் உட்கார்ந்து வந்தாள். வழியில் இறங்கி வறுத்த மீன் வாங்கித் தந்தாள்.

அடுத்த வருஷம் இருநூற்று இருபது வோல்ட் மிங்லோ சுரபாயாக் கடைகளுக்கு வந்தது. விற்பனை நன்றாக இருப்பதாகக் கேள்வி. பாலோங் பக்கத்தில் மட்டும் யாரும் அதை மிங்லோ என்று சொல்வதில்லை. அங்கே அது 'பர்லான் பானை'. புதிதாக வாங்கியவர்களும் மூடி தளர்ந்தால் அவரிடம்தான் வருகிறார்கள். "நான் இப்போ கம்பெனி இல்லை இபு" என்று அவர் எவ்வளவு சொன்னாலும், "வித்துட்டா விட்டுருவோமா?" என்று கவுண்டர்மேல் வைத்துவிட்டுப் போகிறார்கள்.

போன மாதம் செல்போன் உறை விற்கிற ஒருவர் கடைக்கு வந்தார். கொரியாவின் முகக் கிரீம் ஒன்றின் பெயரை எழுதிய சீட்டை நீட்டி, வணிகப் பெயர்ப் படிவம் நிரப்பித் தரச் சொன்னார்.

"கிரீம் நீங்க செய்யறீங்களா?" என்று கேட்டார் சுபர்லான்.

"இல்லை பாக். பேரு மட்டும்."

"நாளைக்கு ஒரு பொண்ணு மூஞ்சி வீங்கி வந்து உங்க வாசல்ல நிப்பா. என்ன பதில் சொல்லுவீங்க?"

"என் வாசலுக்கு ஏன் வரணும்?"

"வருவாங்க" என்றார் சுபர்லான். "அம்மாவையும் கூட்டிக்கிட்டு வருவாங்க."

வந்தவர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சீட்டை எடுத்துக்கொண்டு நாலு கடை தள்ளி இருந்த இன்னொரு ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அங்கே அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தார். சுபர்லான் வாசலில் நின்று எட்டி எட்டிப் பார்த்தார்.

"என்ன மாஸ், போய்த் தடுக்கப் போறீங்களா?" என்றாள் சாப்பாட்டுத் தூக்கோடு வந்த வினார்த்தி.

"அதில்லை. அந்தக் கடைக்காரனுக்கு மூணாவது பக்கம் நிரப்பத் தெரியாது. படிவம் எப்படியும் திரும்பி வந்துடும்" என்று சொல்லிவிட்டு, சாப்பிட உட்கார்ந்தார்.